மஞ்சள் வரிகளை வாசித்தவள்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்கு ‘மஞ்சள்’ என்று பட்டம் வைத்தவன் நான்தான். அவள் உடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கணினித் திரையில் எச்சரிக்கைகள் மஞ்சள் நிறத்தில் வரும். நாங்கள் மற்ற மூவரும் அவற்றைத் தள்ளிவிட்டுப் போவோம். அவள் நின்று வாசிப்பாள். வாசித்து முடிக்கும்வரை தேநீரைக்கூடத் தொடமாட்டாள். அவளுடைய உண்மைப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை. அவளுடைய அண்ணன் சாவில் என்னுடைய அரை மணித்தியாலம் ஒன்று இருக்கிறது. அதை என் வாயால் அவளிடம் சொன்னேனா, இல்லையா என்பதைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் தீவின் வடக்கில் உள்ள திருநெல்வேலியில், பலாலி வீதியோரம், ஃபோட்டோக்கொப்பிக் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். நான்கு கதிரை, நான்கு கணினி, பஸ் போகும்போதெல்லாம் அதிரும் ஒரு யன்னல். நான் மானிப்பாயிலிருந்து போய் வருவேன். அவள் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். இரண்டு பஸ் மாறி வந்தாலும் எங்கள் எல்லோருக்கும் முதல் வந்துவிடுவாள். என்னைவிட ஆறு வயது இளையவள். அவள் என்னை ‘அண்ணை’ என்பாள், நான் அவளை ‘நீர்’ என்பேன்.

கணினியோடு பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் எழுதும் நிரல் அப்படியே இயந்திரத்துக்கு விளங்காது. கம்பைலர் என்றொரு மென்பொருள்தான் அதை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தரும். மாற்றும்போது பிழை கண்டால் சிவப்பில் சொல்லிவிட்டு வேலையை நிறுத்திவிடும். திருத்தாமல் நகர முடியாது. மஞ்சள் அப்படியில்லை. ‘நீ எழுதியதில் குற்றமில்லை, ஆனால் நீ நினைத்தது இதுதானா?’ என்று கேட்டுவிட்டு வேலையையும் முடித்துத் தந்துவிடும். மழை இருட்டும் நேரத்தில் குடையில்லாமல் வெளிக்கிடும்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வருமே, அந்த மாதிரி. அந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிறவர்கள் எத்தனை பேர்?

அவள் திரும்பிப் பார்ப்பாள். அதோடு விடவும் மாட்டாள். ஒவ்வொரு எச்சரிக்கையையும் மெல்லிய குரலில் தமிழில் வாசித்து, அதற்கு மறுமொழியும் சொல்வாள். “ஓம், தெரியும், வேணுமெண்டுதான் விட்டனான்.” “இல்லை, நீ சொன்னது சரி, என்னிலைதான் பிழை.” முதல் கிழமை நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். பிள்ளைக்கு விசர் என்று நானே சொன்னேன், அவளுக்குக் கேட்கும்படி. அவளும் சிரித்தாள்.

“அது குற்றம் சொல்லேல்லை அண்ணை, கேக்குது. கேட்டால் மறுமொழி சொல்லவேணும்தானே” என்றாள்.

ஒரு பள்ளிக்கூடத்துக்கு வரவுப் பதிவு நிரல் எழுதிக் கொடுத்தோம். எழுதியது நான். பிள்ளை வந்ததா என்று சரிபார்க்க வேண்டிய இடத்தில், வந்ததாக ஆக்கிவிடு என்ற பொருள் வரும்படி கைதவறி ஒரு குறியைக் குறைத்துப் போட்டுவிட்டேன். கம்பைலர் மஞ்சளில் கேட்டது. நான் காணவில்லை. அடுத்த நாள் காலையில் அவள் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“அண்ணை, உங்கடை பள்ளிக்கூடத்திலை ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் வராது போல கிடக்கு.”

“ஏன்?”

“எல்லாரும் எல்லா நாளும் வந்திருக்கினம்.”

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் எரிச்சலோடு. திருத்தியபின் அவள் போகாமல் நின்றாள். வராத ஒரு பிள்ளையை வந்தது என்று எழுதிவைத்தால் அந்தப் பிள்ளையை ஒருவரும் தேடப் போகமாட்டார்கள் என்றாள். சும்மா ஒரு பேச்சாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு அது அளவுக்கு மிஞ்சிய பேச்சாகப் பட்டது.

இன்னொரு தடவை, குழந்தைகளுக்கு மருந்து அளவு காட்டும் நிரல். அதில் குழந்தையின் நிறையைக் கேட்டு வாங்கி ஓரிடத்தில் வைத்திருந்தோம். ‘இதை வைத்திருக்கிறாய், எங்குமே பாவிக்கவில்லை’ என்று மஞ்சள் வரி சொன்னது. எங்களில் ஒருவன், பாவிக்காததுதானே, அழித்துவிடு என்றான். அவள் அழிக்கவில்லை. “ஒரு கதிரை போட்டுக் கிடக்கு, ஒருத்தரும் இருக்கேல்லை. கதிரை கூடிப்போச்சோ, இல்லாட்டி வரவேண்டிய ஆள் வரேல்லையோ?” என்று கேட்டபடி ஒவ்வொரு வரியாகத் தேடினாள். வரவேண்டிய ஆள் வரவில்லைதான். கணக்குப் போடும் இடத்தில் நிறைக்குப் பதிலாக வயதைப் பெருக்கியிருந்தோம்.

அவள் எப்போதும் சரியாக இருந்தாள் என்று சொல்லவரவில்லை. ஒருமுறை அலுவலக வேலையாகக் கொடிகாமம் போனோம். முச்சக்கர வண்டி சாவகச்சேரி தாண்டியதும், சில்லில் ஏதோ சத்தம் கேட்கிறது, நிறுத்துங்கோ என்றாள். சாரதிக்குக் கோபம். இறங்கி, சில்லைக் காலால் உதைத்து, கீழே குனிந்து பார்த்து, ஒன்றுமில்லை என்றான். உண்மையிலேயே ஒன்றுமில்லை. வெயிலில் கால் மணித்தியாலம் போனது. நான் வாய்விட்டே திட்டினேன்.

“ஒண்டுமில்லை எண்டு இப்ப தெரியும்தானே அண்ணை” என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அவளோடு வேலை செய்வது இலேசல்ல.

பெட்டியின் கதைக்கு வருகிறேன்.

அவள் எங்களிடம் வருவதற்கு முன்பே நான் செய்தது அந்தப் பெட்டி. கரையோரத்து மீனவர் சங்கம் ஒன்று கேட்டது. படகில் ஒரு சிறு பெட்டி, கரையில் சங்கக் கட்டடத்தில் ஒரு பெட்டி. கடலுக்குப் போகிறவர் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று படகுப் பெட்டியில் அழுத்திவிட்டுப் போவார். படகு தான் நிற்கும் இடத்தைக் கரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் கரைப்பெட்டி வீட்டாரின் தொலைபேசிக்கு அடித்து, படகு கடைசியாக நின்ற இடத்தையும் சொல்லும். காற்றிலும் அலையிலும் கொஞ்சம் சுணங்குவது வழமை என்பதால், சொன்ன நேரத்துக்குப் பிறகு அரை மணித்தியாலம் விட்டு அடிக்கும்படி வைத்தோம். சங்கம் கேட்டதும் அதுதான்.

நிரலை முழுக்க நான் எழுதவில்லை. பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த ஒருவன் நோர்வேயில் இருக்கிறான். அங்கே ஏரிப் படகுகளுக்கு எழுதியதை அனுப்பித் தந்தான். நான் இங்கத்தைய கடலுக்கு ஏற்றபடி மாற்றினேன். மாற்றி முடித்துக் கம்பைலரிடம் கொடுத்தபோது நூற்று நாற்பத்தேழு மஞ்சள் வரிகள் வந்தன. பாதி பழைய நிரலின் சீர்கேடு. மற்றப் பாதியை நான் வாசிக்கவில்லை. சங்கத்துக்குக் கொடுக்கவேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கம்பைலரை வாய்மூடச் சொல்ல ஒரு சிறு கோடும் ஓர் எழுத்தும் போதும். அதைப் போட்டேன். திரை சுத்தமானது. அன்று வீட்டுக்குப் போகும்போது மனம் இலேசாக இருந்ததுகூட எனக்கு ஞாபகமிருக்கிறது.

ஒரு வருடத்துக்கு மேல் பெட்டி வேலை செய்தது. சங்கத்துச் செயலாளர் என்னைக் காணும்போதெல்லாம், “தம்பி, உங்கடை பெட்டி நல்ல பொறுமைசாலி” என்பார். கூப்பிட்டு ஊரைக் கூட்டுவதில்லை, பொறுத்துப் பார்த்துத்தான் அடிக்கிறது என்று பாராட்டினார். நானும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவர் தொலைபேசி எடுத்து, ஒரு படகு கவிழ்ந்துவிட்டது, பெட்டி அடித்தது, இடத்தையும் சரியாகச் சொன்னது, போய் எடுத்தோம், ஆனால் ஆள் தப்பவில்லை என்றார். ஒரு படகு, ஒரே ஆள். வருத்தமாக இருந்தது. பெட்டி வேலை செய்ததே என்று ஆறுதலாகவும் இருந்தது.

எட்டு மாதம் கழித்து அவள் நேர்முகத்துக்கு வந்தாள். நான்தான் மூத்தவன் என்பதால் நானே கேள்வி கேட்டேன். கொழும்பில் நல்ல வேலை, அதை விட்டுவிட்டு இந்த மாடிக்கு ஏன் வருகிறீர் என்றேன்.

“உங்கடை பெட்டியாலைதான் எங்கடை அண்ணை கிடைச்சவர்” என்றாள்.

நான் பேனையைக் கீழே வைத்தேன்.

“அவர் ஒன்பதுக்கு வாறன் எண்டு அழுத்திப்போட்டுப் போனவர். பத்துக்கு அம்மாவின்ரை ஃபோன் அடிச்சது. சொன்ன இடத்திலையே கிடந்தவர். வெறும் மண்ணெண்ணெய்க் கானோடை கையைக் கயித்தாலை கட்டிக்கொண்டு. பெட்டி இல்லாட்டி எங்களுக்கு உடம்பும் கிடைச்சிராது. உப்பிடி வேலை செய்யிற இடத்திலை நிக்கவேணும் எண்டு அம்மாவுக்கும் ஆசை.”

எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதக் கூசுகிறது, ஆனால் இருந்தது. ஒன்பதுக்கு வருகிறேன் என்றவனுக்குப் பத்து மணிக்கு அடித்தது என்று, பெட்டியைச் செய்த என் முகத்துக்கு நேரே அவள் சொன்னாள். ஒன்பதரைக்கு அடித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. நான் துக்கம் விசாரிப்பதில் கவனமாக இருந்தேன்.

வேலைக்கு வந்து சில மாதத்தில், பெட்டியின் நிரலைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டாள். தடுக்கக் காரணமில்லை. திறந்த முதல் நாளே அந்தக் கோட்டையும் எழுத்தையும் கண்டாள்.

“அண்ணை, இதை ஆர் வாய் கட்டி வைச்சது?”

“கன மஞ்சள் வந்தது. சும்மா அலட்டல்.”

அவள் அதை எடுத்துவிட்டாள். நூற்று நாற்பத்தேழும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் இறங்கின. நாளுக்கு ஐந்து, பின்னேரத் தேநீர் நேரத்தில் என்று வைத்துக்கொண்டாள். நான் என் வேலையைப் பார்த்தபடி முதுகுக்குப் பின்னால் அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருப்பேன். “பூச்சியத்துக்குக் கீழை போகாத எண்ணை, பூச்சியத்திலும் குறைவோ எண்டு கேட்டால் எப்பவும் இல்லையெண்டுதானே வரும்.” அடுத்தது. “இது ஒருக்காலும் போய்ச் சேராத வரி.” அடுத்தது. சிலது வெறும் குப்பை, சிலது சின்னத் திருத்தம். ஆளைக் கொல்லும் பிழை ஒன்றும் வரவில்லை. பார்த்தீரா, அலட்டல்தான் என்று நான் ஒன்றிரண்டு தடவை சீண்டினேன்.

மூன்றாம் கிழமை, ஒரு பின்னேரம், அவள் வாசித்தாள். “அஞ்சரையை முழு எண்ணாய் மாத்துறன். அஞ்சாகும்.”

வழக்கமான மறுமொழியை எதிர்பார்த்தேன். வரவில்லை. கீழே ஃபோட்டோக்கொப்பி இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் மறுமொழி சொல்லாமல் விட்ட முதல் மஞ்சள் வரி அது. அந்த அமைதிக்குள்ளேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வானத்துச் செய்மதியிலிருந்து பெட்டிக்கு வரும் நேரம் உலகப் பொது நேரம். எங்கள் நேரத்துக்கு அதோடு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். நோர்வேயில் ஒன்று கூட்டினால் போதும். கோடையில் இரண்டு. அரைகுறை அங்கே கிடையாது, அதனால் நண்பன் அந்த எண்ணை முழு எண் மட்டும் நிற்கும் இடத்தில் வைத்திருந்தான். நான் அவனுடைய ஒன்றை அழித்து அதே இடத்தில் ஐந்தரை என்று எழுதினேன். முழு எண்ணுக்கான இடம் அரையை வெளியே தள்ளிவிட்டு ஐந்தை மட்டும் வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து கரைப்பெட்டி உலகத்துக்கு அரை மணித்தியாலம் பிந்தியே நடந்தது. திரையில் தெரிந்த மணிக்கூடு தொலைபேசிக் கோபுரத்திலிருந்து நேரம் எடுத்ததால் அது சரியாகவே காட்டியது. சோதித்துப் பார்த்தபோது நாங்கள் இரண்டு மணித்தியாலம் கடந்துபோன நேரத்தை அழுத்தினோம், உடனே அடித்தது, கைதட்டினோம். கரையில் இருந்தவர்களுக்கு அது பெட்டியின் பொறுமை. கம்பைலர் மட்டும் முதல் நாளே கேட்டது. நான் அதன் வாயை அடைத்துவிட்டேன்.

அவள் கதிரையைத் திருப்பினாள்.

“அண்ணை, இந்த அஞ்சரை எப்ப வந்தது?”

அவள் குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. மற்ற மஞ்சள் வரிகளைப் பற்றிக் கேட்பதுபோலவே கேட்டாள். நான் சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். நான்தான் போட்டனான்.

“அது... நோர்வேயிலை இருந்து வந்ததிலையே கிடந்திருக்கும்” என்றேன்.

“ஓ. அப்பிடியோ” என்றாள். திரும்பி, முழு எண்ணின் இடத்தை மாற்றி, நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதினாள். அந்த மஞ்சள் வரி மறைந்தது. தேநீர் ஆறிக் கிடந்தது. அதைக் குடிக்காமல் கோப்பையைக் கீழே கொண்டுபோய்க் கழுவி வைத்தாள்.

மானிப்பாய் பஸ்ஸில் போகும்போதுதான் என் பொய்யின் இலட்சணம் எனக்கே உறைத்தது. நோர்வேக்காரனுக்கு ஐந்தரை எதற்கு? இந்தத் தீவிலும் பக்கத்து நாட்டிலும் உள்ளவனைத் தவிர அந்த எண்ணை எவன் எழுதுவான்? சின்னப்பிள்ளைகூட நம்பாது. போதாததற்கு, எந்த வரியை யார், எந்த நாளில் மாற்றினார் என்று நிரலின் வரலாறு தானாகவே எழுதி வைத்திருக்கும். ஒரு விசையை அழுத்தினால் என் பெயர் வரும். ஒரு கேள்வியையும் மறுமொழியில்லாமல் விடாத பெண் அந்த விசையை அழுத்தாமல் இருந்திருப்பாளா? அழுத்தியிருப்பாள் என்று ஒரு நாள் தோன்றும். நான் சொன்னதை நம்பிவிட்டாள் என்று மறுநாள் தோன்றும். இரண்டில் எது எனக்கு நல்லது என்றும் தெரியவில்லை. அவள் வழமைபோல ‘அண்ணை’ என்று கூப்பிட்டாள், பொங்கலுக்கு லீவு கேட்டேனென்று என் வேலையையும் சேர்த்துச் செய்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பயம் பிடித்துவிட்டது.

திருத்திய நிரலைப் பெட்டியில் ஏற்ற இருவரும் கரைக்குப் போனோம். இரண்டு கிழமை கழித்துச் செயலாளர் திரும்பவும் கூப்பிட்டார். முறைப்பாடு.

“தம்பி, இப்ப உது கெதியா அடிக்குது. முந்தி நல்ல பொறுமை.”

அவள் கரைப்பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். “முந்தி எவ்வளவு நேரம் பொறுக்கும் மாமா?”

“ஒரு மணித்தியாலம் விடும் பிள்ளை. அதுக்குள்ளை ஆக்கள் வந்து சேர்ந்திடுவினம். வீண் கரைச்சல் இல்லை.”

“நாங்கள் விட்டது அரை மணித்தியாலந்தானே அண்ணை?” என்று என்னைப் பார்த்தாள்.

நான் சொல்லியிருக்கக்கூடிய இரண்டாவது தடவை அது. கடல் பத்தடி தள்ளி இருந்தது. வலை காயப்போட்ட மணம். செயலாளர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஓம்” என்றேன். அவள் தலையாட்டிவிட்டு மூடியைப் பூட்டினாள். ஆணி நான்கையும் ஒவ்வொன்றாக முறுக்கி, முறுகிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்தாள்.

அண்ணனின் இரண்டாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு என்னை மட்டும் அழைத்தாள். மற்ற இருவரையும் கூப்பிடவில்லை. போகாமல் விடக் காரணங்கள் தேடினேன், எதுவும் நிற்கவில்லை. கோவிலுக்குப் போய் வளர்ந்தவன், அங்கே எப்போது எழும்புவது எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் பின்வரிசை வாங்கில் இருந்து ஒரு கிழவரைப் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டேன்.

பூசை முடிந்து அவர்கள் வீட்டில் சாப்பாடு. வெள்ளிக்கிழமை. நான் வெள்ளிக்கிழமையில் மீன் மச்சம் சாப்பிடமாட்டேன் என்று அவள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். எல்லோருக்கும் மீன் ஆக்கிய வீட்டில் எனக்கென்று தனிச்சட்டியில் கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும். அவளுடைய அம்மா பக்கத்தில் நின்று பரிமாறினார். என் வயதுதான் இருக்கும் மகனுக்கு என்று சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தபோது தெரிந்தது. சிரித்த முகம், ஒரு பல் கொஞ்சம் முன்னால்.

“வடிவாச் சாப்பிடுங்கோ தம்பி. உங்கடை பெட்டி இல்லாட்டி என்ரை பிள்ளையைக் கடல் தந்திராது.”

நான் சோற்றைக் குழம்போடு பிசைந்தேன்.

“கொஞ்சம் முந்தி எண்டால் உயிரோடை எண்டு எடுக்கப்போனவை கதைச்சவை. நான் அப்பிடி நினைக்கிறேல்லை. மாதா தந்த நேரம் அவ்வளவுதான். பெட்டி தன்ரை வேலையைச் செய்தது. ஒவ்வொரு ஞாயிறும் பூசையிலை, அதைச் செய்த பிள்ளையளுக்காகவும் மன்றாடுறனான். உங்கடை பெயர் மகள் சொன்னவள். பெயர் சொல்லித்தான் மன்றாடுறனான்.”

கையில் எடுத்த கவளத்தோடு நிமிர்ந்தேன். சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன் என்றே நினைக்கிறேன். குசினி வாசலில் அவள் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. மிகச் சின்ன அசைவு, அம்மா காணவில்லை. நான் கவளத்தை விழுங்கினேன்.

தார் வீதிவரை அவள் கூட வந்தாள். வேலியோரம் நிழல் இருந்தது. இருவரும் நிழலில் நிற்காமல் வெயிலில் நின்றோம்.

“அம்மாட்டைச் சொல்லிப்போடாதையுங்கோ அண்ணை. அவவுக்கு அந்தப் பெட்டி மட்டுந்தான் கிடக்கு.”

“உமக்கு எப்ப தெரியும்?”

“அண்டைக்கே பாத்தனான். உங்கடை பெயரும் திகதியும் கிடந்தது.”

இத்தனை மாதமும் வழமைபோல ‘அண்ணை’ என்று கூப்பிட்டவள், என் லீவுக்கு என் வேலையைச் செய்தவள். எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“தெரிஞ்சால் ஏன் என்னட்டைக் கேக்கேல்லை? ஒருக்கால் கேட்டிருக்கலாமே” என்றேன்.

அவள் என் முகத்தை நேரே பார்த்தாள்.

“கேட்டனான்தானே அண்ணை. ரெண்டு தரம் கேட்டனான். நீங்கள் ரெண்டு தரமும் மறுமொழி சொன்னனீங்கள்.”

தூரத்தில் பஸ் வந்தது. நான் கை காட்டவில்லை. அவள் இரண்டடி முன்னால் போய், கையை நீட்டி, எனக்காக மறித்துவிட்டாள்.